உது என்றால் எது?

உலகத்தில் எந்த இரண்டு பொருள்களை அருகருகே நிறுத்தினாலும், அவற்றுள் ஒன்று மற்றதைவிடச் சிறந்தது என்று மணி அடிக்கும் வரை என்னால் பேச முடியும். அணி மாறிப் பேசு என்று நடுவர் பணித்தால், மற்றதே சிறந்தது என்று அதே உருக்கத்தோடு பேசவும் முடியும். உண்மையில் எது சிறந்தது என்று கேட்டால் மட்டும் எனக்குத் தெரியாது. இதை ஒரு குறையாக நான் கருதியதே இல்லை; விவாதக் கலைஞனுக்குரிய தகுதியாகவே கருதி, நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். என் அக்காவுக்கு ஒரு ஜீப் தேவைப்படும் வரை.

(ஜீப் என்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயரமாகவும் கனமாகவும் எது உறுமிக்கொண்டு வந்தாலும் அது ஜீப்தான். செய்த நிறுவனத்தார் வைத்த பெயரை நாங்கள் மதிப்பதில்லை.)

குடாநாட்டை அறிந்தவர்கள் உடனே கேட்பார்கள்: மலையே இல்லாத இந்தத் தட்டை நிலத்தில் நான்கு சில்லும், அதாவது நான்கு சக்கரமும், இழுக்கும் வாகனம் எதற்கு? நியாயமான கேள்வி. வீதியில் வேகத்தைக் குறைக்கப் போட்டிருக்கும் திட்டிதான் எங்களில் பலர் ஏறிய மிக உயர்ந்த சிகரம். ஆனால் எங்களிடம் மணல் இருக்கிறது. வடமராட்சிக் கிழக்குக் கரையில் வீதி முடிந்து கடல் தொடங்குவதற்குள், காலை வைத்தால் கணுக்கால் வரை விழுங்கும் மணல். அந்த மணலுக்கு அப்பால்தான் அக்காவின் பிழைப்பு கிடந்தது.

அக்காவின் தொழில் மீன். கரைவலை இழுக்கும் இடத்துக்கே போய், வலையின் மடி, மீன் சேரும் அந்தப் பை, அவிழ்ந்ததும் மீனை எடுத்து, ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, கொழும்பு லொறி புறப்படும் முன் சேர்த்துவிடுவாள். மணலைக் கடப்பதற்கு வாடகை உழவு இயந்திரம். அதன் சொந்தக்காரர் வருவேன் என்றால் வரமாட்டார். வந்தால், தேநீர் குடிக்காமல் இறங்கமாட்டார். அதற்குள் மீனின் கண் மங்கிவிடும். பல நாள் பொறுத்த சம்மாட்டியார், அதாவது அந்த வலையின் சொந்தக்காரர், ஒரு நாள் பொறுமை இழந்தார்.

“பிள்ளை, இனி ஏலாது. மணலுக்குள்ள இறங்கிற வாகனம் ஒண்டு சொந்தமாய் வைச்சிருந்தியெண்டால் இந்தச் சோளகம் முழுக்க என்ரை மடி உனக்குத்தான். இல்லாட்டில் நான் வேறை ஆளைப் பாக்கிறன்.”

சோளகக் காற்று வீசும் பருவத்து மீன் முழுவதும் ஒரு வாகனத்தில் தொங்கியது. அக்கா தன் சேமிப்பைத் திரட்டினாள். நீர்வேலியில், பிறர் ஓட்டிப் பாவித்த வாகனங்கள் விற்கும் செல்வம் அண்ணையிடம் ஒரே மாதிரியான இரண்டு ஜீப்புகள் நிற்பதாகத் தகவல் வந்தது. அன்றைக்கு வலை வளைப்பு இருந்ததால் அவளால் கரையை விட்டு அசைய முடியவில்லை. அத்தான் கடலில். மிஞ்சியவன் நான்.

“டேய், நீ வாயாலை வெல்லுறவன். போய் விலையைக் கதைச்சுக் குறை. எதை எடுக்கிறதெண்டு நான் வீடியோவிலை பாத்துச் சொல்லுவன். நீயாய் ஒண்டையும் யோசிச்சுப் போடாதை. விளங்குதோ?”

விளங்கியது என்றேன். விளங்கவில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பருத்தித்துறைப் பேருந்தில் ஏறி, புத்தூரைக் கடப்பதற்குள் முன்னுரையைத் தயாரித்துவிட்டேன். நீர்வேலியில் இறங்கினால், வேலிக்கு இந்தப் பக்கம் ஜீப்புகள், அந்தப் பக்கம் வாழைத்தோட்டம். காற்றில் வாழைகள் யாவும் தலையசைத்துக்கொண்டிருந்தன. இத்தனை ஒத்துழைப்பான அவையை நான் அதுவரை கண்டதில்லை.

இரண்டு வாகனங்களும் ஒரே யப்பானியத் தாயின் இரட்டைப் பிள்ளைகள். ஒரே முகம், ஒரே ஆண்டு, பின்னால் ஒரே பெயர். ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். வெள்ளையை மாப்பிள்ளை போல மினுக்கி நிறுத்தியிருந்தார்கள். தோல் இருக்கை, கீறல் இல்லாத உடல், பின்கதவில் 4×4 என்று பலகை அளவில் ஓர் ஒட்டு. சாம்பலோ கதவில் நெளிவும், கிழிந்த இருக்கையும், உள்ளே ஆடு ஏற்றிய மணமுமாக நின்றது. போதாக்குறைக்கு, கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் கட்டையாய் இன்னொரு தண்டு துருத்திக்கொண்டிருந்தது.

நான் அக்காவை அழைத்தேன். கடற்காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவள் முகம் திரையில் வந்தது.

“கெதியாய்க் காட்டடா. வலை கரைக்குக் கிட்ட வந்திட்டுது.”

எதிரணியின் குறைகளை முதலில் எடுத்துரைப்பது விவாத மரபு. ஆகவே சாம்பலிடம் போனேன். நெளிவைக் காட்டினேன். கிழிசலைக் காட்டினேன். கடைசியாக அந்தக் கட்டைத் தண்டின் அருகில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு என் குரலை உயர்த்தினேன்.

“அக்கா, இதைப் பாருங்கள்! ஒரு வாகனத்தைச் செலுத்த ஒரு தண்டு போதாதா? இரு தலைமை உள்ள எந்த இயக்கம் உருப்பட்டிருக்கிறது? ஒரு வீட்டுக்கு இரண்டு முதலாளி உண்டா?”

(இந்த இடத்தில் ஓட்டுநர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளுங்கள். பின்னர் நானும் அடித்துக்கொண்டேன்.)

செல்வம் அண்ணை ஓரடி முன்னால் வந்தார். “தம்பி, அது வந்து...”

“வரட்டும் அண்ணை. அது வருவதற்குள் இதை நான் கூறிவிடுகிறேன்.”

பிறகு வெள்ளையிடம் நடந்தேன். அதன் நிறத்தைத் தூய்மைக்கும், அமைதியைப் பெருந்தன்மைக்கும், ஒற்றைத் தண்டை உறுதியான தலைமைக்கும் ஒப்பிட்டேன். பின்கதவு ஒட்டைத் தட்டி, “எழுத்தே சாட்சி!” என்றேன். செல்வம் அண்ணை மறுபடியும் “தம்பி, அது வந்து...” என்று தொடங்கினார். நான் கையை உயர்த்தினேன். மேடையில் இடைமறிப்பவர்களை அடக்கும் அதே கை. பாவம், அவர் அடங்கிவிட்டார். அந்த வளவில் மணி அடிக்க ஆளில்லை என்பதுதான் அன்றைய பெருந்துயரம்.

இதற்கிடையில், சாரம் கட்டிய ஒருவர் வந்து வாழைவேலியோரம் நின்று என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். தவம் என்று பெயர் என்பது பின்னால்தான் தெரியும். இடையிடையே தலையை ஆட்டினார். நல்ல சுவைஞர் என்று எண்ணிக்கொண்டேன்.

நான் வெள்ளையின் முன்மூடியில் கையை வைத்து முடிவுரையை நெருங்கியபோது, தொலைபேசியில் அக்காவின் குரல் வெடித்தது.

“காணும், காணும்! பேச்சை நிப்பாட்டு! உதுதான்ரா! உதை முடி!”

இந்த இடத்தில் எங்கள் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற ஊரார்க்கு இது, அது என்று இரண்டே உண்டு. எங்களுக்கு மூன்று. என் பக்கத்தில் இருப்பது இது. இருவருக்கும் எட்ட நிற்பது அது. கேட்பவனாகிய உன் பக்கத்தில் இருப்பது உது. இந்த மூன்றாவது சொல்லைப் பற்றி மேடைகளில் நான் பெருமையாகப் பேசியிருக்கிறேன். வேறெங்கும் அருகிப்போன நுட்பம், எங்கள் வாயில் மட்டும் வாழும் செல்வம் என்றெல்லாம். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

என் பக்கத்தில் இருந்தது வெள்ளை. ஆகவே, உது வெள்ளை.

எது அக்கா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஆனால் பதில் தெரியாத கேள்வியை மேடையில் கேட்கக் கூடாது என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம். நான் கேட்கவில்லை. வெள்ளையை விலை பேசி முடித்தேன்.

சாரம் கட்டியவர் அருகில் வந்தார். “தம்பி, உமக்குச் சாம்பல் வேண்டாம்தானே?”

“அதை யார் வேண்டுவார்?” என்றேன்.

“சரி,” என்றவர், செல்வம் அண்ணையின் பக்கம் திரும்பினார். “அண்ணை, தம்பி சொன்னதுகளைக் கேட்டியள்தானே? நெளிவு, கிழிசல், ஆட்டு மணம். பாத்துக் குறையுங்கோ.”

என் சொற்பொழிவு ஒன்று உடனடியாகப் பயன் விளைத்ததை நான் கண்ணால் கண்ட ஒரே தருணம் அதுதான்.

பின்னேரம் செல்வம் அண்ணையின் ஆள் ஒருவர் ஓட்டிவர, வெள்ளை எங்கள் வாசலில் வந்து நின்றது. அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, வேலிப் படலையிலேயே நின்றுவிட்டாள்.

“இதென்னடா?”

“ஜீப்.”

“நான் உதை எடுக்கச் சொல்லேல்லை!”

“உதை எடு என்றுதானே சொன்னீர்கள்?”

“நான் சொன்ன உது உது இல்லையடா! சாம்பல்! ரெண்டு லீவர் கிடந்ததெல்லோ, உது! அந்தக் கட்டை லீவர் இல்லாட்டில் நாலு சில்லும் இழுக்காது!”

அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. கடற்கரையில் சிக்னல் நொண்டும். நான் கட்டைத் தண்டைக் காட்டிய இடத்திலேயே படம் உறைந்துவிட்டது. நான் வெள்ளையிடம் போனதும், தூய்மையும், பெருந்தன்மையும், எழுத்தே சாட்சியும் அவளுக்கு விட்டுவிட்டுக் கேட்ட வெறும் இரைச்சல். அவள் கண் முன்னால் கடைசி வரை அசையாமல் நின்றது சாம்பலின் கட்டைத் தண்டு. அவளுக்கு உது அது. எனக்கு உது இது. மூன்று சுட்டுச் சொல் வைத்திருக்கும் இனத்துக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய விபத்து.

“இப்பவே திருப்பிக் கொண்டுபோய்க் குடு!” என்றாள் அக்கா.

அவள் சொன்னதை அப்படியே செய்திருந்தால் இந்தக் கட்டுரை இவ்விடத்தில் இனிதே முடிந்திருக்கும். ஆனால், தீர்ப்பு எனக்கு எதிராகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என் நாவால் இயலவில்லை. பேசினேன். இரண்டும் ஒரே நிறுவனம் அல்லவா? ஒரே ஆண்டு அல்லவா? ஒரே பெயர் அல்லவா? இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்குக் கால் நான்காகவும் மற்றதற்கு இரண்டாகவும் இருக்குமா? பின்கதவில் எழுதியே ஒட்டியிருக்கிறதே! புதிய வகைகளில் அந்தத் தண்டு உள்ளே மறைந்திருக்கும் என்றும் சொன்னேன். (அது எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வசனம் அழகாக வந்தது, சொன்னேன்.)

அம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்று, “அவன் படிச்சவன், விசாரிச்சுத்தானே எடுத்திருப்பான்,” என்றார்.

அக்கா வெள்ளையை ஒருமுறை சுற்றி வந்தாள். ஒட்டைத் தடவினாள். தலையை மெல்ல அசைத்தாள். பிறந்த நாள்தொட்டு அக்காவிடம் நான் வென்ற முதல் விவாதம். அன்றைக்குத் தோற்றிருக்கக் கூடாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

மறுநாள் விடிய, அக்கா ஓட்ட, நான் பக்கத்தில் அமர, பின்னால் ஐஸ் பெட்டிகள் குலுங்க, கரைக்குப் போனோம். தார் வீதியில் வெள்ளை அன்னம் போல நீந்தியது. மடி கரைக்கு வந்துகொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்மாட்டியார் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துச் சிரித்தார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவளுடைய கலியாணத்திலும் நான் காணவில்லை.

வெள்ளை மணலில் இறங்கியது. சற்றுத் தூரம் போனது. பிறகு, பேச்சை மறந்த பேச்சாளனைப் போல நின்றது.

அக்கா மிதித்தாள். பின்சில்லுகள் சுழன்று மணலை வாரி இறைத்தன. முன்சில்லுகள், இந்த விவகாரத்தில் தமக்கு யாதொரு தொடர்பும் இல்லை என்பதுபோல் அப்படியே நின்றன.

“ஃபோர்வீலைப் போடடா!”

“எங்கை அக்கா கிடக்கு?” (மேடைத் தமிழ் என்னைக் கைவிட்ட நேரம் இதுதான்.)

“நீதானே உள்ளுக்கை மறைஞ்சிருக்கெண்டனி! தேடு!”

தேடினேன். கியர்த் தண்டுக்குப் பக்கத்தில், சாம்பலில் கட்டைத் தண்டு நின்ற அதே இடத்தில், ஒரு சிறிய மூடி இருந்தது. கடவுளே என்று திறந்தேன். உள்ளே யாரோ கோயிலுக்குப் போய்வந்து வைத்த விபூதிப் பொட்டலம்.

அக்கா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“உதைப் பூசு,” என்றாள். “உனக்கு இப்ப உதுதான் வேணும்.”

சில்லு அச்சு வரை புதைந்தது. சம்மாட்டியார் மெல்ல நடந்து வந்து பின்பக்கம் நின்று, ஒட்டை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“நாலு தரம் நாலு எண்டு போட்டிருக்கு. அப்ப பதினாறு. சுத்திறது ரெண்டு.” என் யன்னலுக்குள் தலையை நீட்டினார். “மிச்சம் பதினாலும் எங்கை தம்பி?”

கயிறு பிடித்தவர்கள் சிரித்த சிரிப்பில் வலையே நழுவியிருக்கும். மேடையில் எத்தனை எள்ளலுக்கு உடனுக்குடன் பதில் கொடுத்திருக்கிறேன்! இந்தப் பதினாலுக்கு, இருக்கைக்கு அடியில் குனிந்து தண்டைத் தேடுவதுபோல் நடித்தேன்.

மடி அவிழ்ந்தது. கீரி மீனும் சூடை மீனுமாக வெள்ளிக் குவியல் மணலில் கொட்டியது. வெயில் ஏறத் தொடங்கியது. அக்கா இறங்கி, தனி ஆளாய் ஓர் ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு மணலில் நடக்கத் தொடங்கினாள். நான் மறுமுனையைப் பிடிக்க ஓடினேன். அப்போது மணல்மேட்டுக்கு மேலே ஓர் உறுமல் கேட்டது.

சாம்பல். அதே நெளிந்த கதவு. சாரம் கட்டிய தவம் அண்ணை, கட்டைத் தண்டில் ஒரு கையை வைத்தபடி, வீட்டு முற்றத்தில் உலாவுவதுபோல் மணலில் இறங்கி வந்தார். அவரும் மீன் எடுப்பவர். பக்கத்துக் கரைக்காரர்.

“தம்பி! நீரோ!” என்று உண்மையான மகிழ்ச்சியோடு கூவினார். “சம்மாட்டியார், உந்தத் தம்பியின்ரை பேச்சாலைதான் எனக்கு இது மலிவாய் வந்தது. என்ன பேச்சு! கேட்டுக்கொண்டே நிக்கலாம்.”

சம்மாட்டியார் அக்காவைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

“மீன் பேச்சுக் கேட்டுக்கொண்டு கிடவாது, பிள்ளை.”

அக்கா பெட்டியின் கைபிடியை விட்டாள். “ஓம்,” என்று தலையாட்டினாள். அந்த ஒரு சொல்தான். பருவத்து மீன் முழுவதும் அந்த ஒரு சொல்லோடு தவம் அண்ணையின் வண்டியில் ஏறியது. மீன் ஏற்றி முடித்தபின், எங்கள் வெள்ளையை வெளியே இழுத்துவிட்டதும் சாம்பல்தான். கயிறு கட்டும்போது தவம் அண்ணை என்னிடம், “எந்தப் பள்ளிக்கூடத்திலை தம்பி படிச்சனீர்?” என்று மரியாதையாகக் கேட்டார். பள்ளியின் மானம் கருதி நான் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே நீர்வேலிக்குப் போய்ச் செல்வம் அண்ணையிடம் பாய்ந்தேன். ஒரே பெயர், ஒரே முகம், ஏன் இந்த வஞ்சகம் என்றேன். அவர் ஒரு வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“தம்பி, ஒரே பேரிலை ரெண்டு விதமும் வரும். ஒண்டு நாலும் இழுக்கும், மற்றது பின்னாலை மட்டும். ஒட்டு, முதல் வைச்சிருந்தவர் ஆசைக்கு ஒட்டினது. உதைத்தான் நான் சொல்ல வெளிக்கிட்டனான். ‘அது வந்து’ எண்டு தொடங்கினால், நீர் ‘வரட்டும்’ எண்டீர்.” பெருமூச்சு விட்டார். “வந்திட்டுதோ?”

வந்திருந்தது.

அந்தச் சோளகம் முழுவதும் அக்கா தூரத்துக் கரை ஒன்றுக்கு, தேநீர் குடிக்காமல் இறங்காத அதே உழவு இயந்திரக்காரரை நம்பிப் போய்வந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்வாதம் செய்து தேறியிருப்பேன். வெள்ளையை விற்கவும் முடியவில்லை. நான்கென்று நம்பி வருகிறவர்களிடம், என்னைப் போலன்றி, அக்கா உண்மையைச் சொல்லிவிடுகிறாள். இப்போது அது மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகிறது. தார் வீதியில் நடக்கும் கலியாணங்களுக்கு மட்டும்.

கதையோ மணலிலும் ஓடியது, தாரிலும் ஓடியது. சென்ற பட்டிமன்றத்தில் நான் உணர்ச்சியின் உச்சத்தில் நின்று முழங்கிக்கொண்டிருந்தபோது, எதிரணிப் பெண் அமைதியாக எழுந்து, “நடுவர் அவர்களே, நண்பர் ‘உது’ என்று எதைச் சுட்டுகிறார் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்,” என்றாள். நான் உது என்று சொல்லவே இல்லை. ஆனால் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளில் முதன்முறையாக, மணி அடிப்பதற்கு முன்பே நான் அமர்ந்தேன்.

வீட்டில் இப்போது சட்டம் இதுதான்: எதை வாங்கப் போனாலும் நான் பேசக் கூடாது, பொருளின் மேல் கையை வைக்க வேண்டும், அக்கா ஓம் என்றால் மட்டும் எடுக்க வேண்டும். சென்ற கிழமை யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் புதிய ஐஸ் பெட்டி எடுக்கப் போனேன். தட்டில் இரண்டு. ஒரே நீலம், ஒரே அளவு, ஒரே பெயர். நான் அக்காவை அழைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு, இடப்பக்கப் பெட்டியில் கையை வைத்தேன்.

“உது இல்லையடா, மற்றது.”

வலப்பக்கத்தில் வைத்தேன்.

“உது இல்லை எண்டுறன்!”

திரையைப் பார்த்தேன். அக்காவின் முகம், வாய் பாதி திறந்தபடி, உறைந்து நின்றது. கடைக்காரர், “எதைத் தம்பி கட்டிறது?” என்றார். வாதங்கள் இருபுறமும் நாவின் நுனியில் அணிவகுத்து நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை. பேசாமல் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா படலையில் நின்று இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரி,” என்றாள். “ஒண்டு மீனுக்கு. மற்றது உன்ரை வாய்க்கு.”